24 இரவு எங்கே தூங்குகிறீர்கள்?

கேள்வி (கடிதம் நீளமானது, தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்):

எட்டு வயதில் அம்மா அப்பாவோடு பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சி போனவள் நான். கணவர் ஜெர்மானியர், நூரெம்பெர்க் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு கோடையில் அவர் வேலைக்காக இங்கே ஜெர்மனிக்கு வந்தோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. சென்ற கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். 24ஆம் தேதி மாலை கூடத்துக் கதவைச் சாத்தி வைத்திருந்து, மணி அடித்து, 'கிறிஸ்ட்கிண்ட் (பரிசு கொண்டுவரும் குழந்தைக் கிறிஸ்து) வந்து போய்விட்டது' என்று சொல்லி எல்லாப் பரிசையும் அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். மகள் எழுந்து வந்து மரத்தடியைப் பார்த்துவிட்டு, 'சாண்டாவுக்கு நம்ம புது அட்ரஸ் தெரியலையாம்மா?' என்று கேட்டாள். கணவரிடம் சொன்னால், 'ரெண்டும் ஒண்ணுதானே, ஒரு ராத்திரி முன்னாடி, அவ்வளவுதான்' என்கிறார். நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் மரம் வைக்கலாம் என்று நான் சொன்னபோது மாமியார் முகம் மாறிவிட்டது. இந்த வருடம் இரண்டையும் கலந்து ஏதாவது செய்யலாமா, இல்லை குழந்தைகளுக்காக நானே விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்தக் காலை ஆறு மணிதான். பாளையங்கோட்டையிலிருந்து வந்த குடும்பம் என்கிறீர்கள். அப்படியென்றால் 25ஆம் தேதி விடியற்காலை என்பது உங்களுக்கு சாண்டாவுக்கும் முன்னாலேயே தொடங்கிவிட்ட ஒன்று. இருட்டோடு எழுப்பி, குளிக்க வைத்து, புதுத்துணி போட்டு, கண்ணில் தூக்கத்தோடு ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அப்புறம் நியூ ஜெர்சியில் அதே காலையில், இரவு உடையோடு படியிறங்கி ஓடிவந்து, சாண்டா பரிசு நிரப்பிவைக்கும் காலுறையான ஸ்டாக்கிங்கைக் கவிழ்த்திருப்பீர்கள். நாடு மாறியும் வேளை மாறவில்லை. இந்தத் தடவைதான் முதல்முறையாக அந்த வேளை வெறுமையாக இருந்தது. உங்கள் கணவர் 'ஒரு ராத்திரி முன்னாடி' என்று சொல்வதில் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் அவர் இழந்தது எதுவும் இல்லை என்பதால் அவருக்கு இது தெரியவில்லை. அவருக்கு 24 மாலை இருட்டும்போது உடம்பில் ஏதோ ஒன்று விழித்துக்கொள்ளும், உங்களுக்கு 25 காலையில். நீங்கள் அழுதது சின்ன விஷயத்துக்காக இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கலக்காதீர்கள். ஜெர்மனியில் இருக்கும் கலப்புக் குடும்பங்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன், இரண்டையும் சேர்த்து அரைத்த கிறிஸ்துமஸ் யாருக்கும் நிறைவு தந்து நான் பார்த்ததில்லை. பாதிப் பரிசு மாலையில், பாதிப் பரிசு காலையில் என்று பிரித்தால் மாமியாருக்கு அவர் மாலை பாதியாகிவிடும், உங்களுக்கு உங்கள் காலை பாதியாகிவிடும், பிள்ளைகளோ மாலையில் பிரிக்கும்போதே 'மிச்சம் எங்கே' என்று தேடும். இரண்டு வழக்கமும் ஒரே நேரத்தில் நடப்பவை இல்லை என்பதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. 24 மாலையை முழுசாக மாமியாரிடம் கொடுங்கள், 25 காலையை முழுசாக நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுதான்: 24 இரவு எங்கே தூங்குகிறீர்கள்?

சென்ற வருடம் மாமியார் வீட்டில் தூங்கினீர்கள், அதனால் காலையும் அவருடைய வீட்டுக் காலையாகிவிட்டது. அந்த வீட்டில் 25 காலை என்பது முந்தைய இரவின் அசதி தீரும் நேரம், வாத்து அடுப்பில் ஏறும் நேரம், அவ்வளவுதான். ஒரே நகரத்துப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், இந்த வருடம் 24 இரவு எவ்வளவு தாமதமானாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பையன் காரிலேயே தூங்கிப்போனால் தூக்கிப் படுக்க வையுங்கள். உங்கள் கூரையின் கீழே பிள்ளைகள் கண்விழித்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இனி அந்த மாலையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நீங்கள் இன்னும் உள்ளேயிருந்து பார்க்கவில்லை என்று கடிதம் படிக்கும்போது தோன்றியது. 'கதவைச் சாத்தி வைத்திருந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாத்திய கதவுதான் ஜெர்மன் கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் மரம் நவம்பர் கடைசியிலேயே வந்து, ஒரு மாதம் வீட்டில் ஓர் ஆளைப் போல நின்று, காத்திருக்கிறவர்களுக்குத் துணையாக இருக்கிறது. இங்கே பழைய வழக்கப்படி மரமே பரிசு. பெரியவர்கள் 23 இரவிலோ 24 காலையிலோ யாருக்கும் காட்டாமல் அலங்கரிப்பார்கள். பிற்பகலில் பிள்ளைகளைக் கோவிலில் பெத்லகேம் நாடகம் பார்க்கக் கூட்டிப்போவார்கள். இருட்டினதும் சின்ன மணி ஒன்று ஒலிக்கும், கதவு திறக்கும், அது வரைக்கும் வருடம் முழுக்கச் சாதாரணக் கூடமாக இருந்த இடத்தில் விளக்கேற்றிய மரம் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மாமியார் மூன்று வாரம் வெண்ணிலா பிறை, இலவங்கப்பட்டை நட்சத்திரம் என்று பிஸ்கட் வகைகளைச் சுட்டு டப்பா டப்பாவாக அடுக்குகிறார். மரத்தைத் தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் கூடத்தில் வைத்துவிட்டால் கதவுக்குப் பின்னால் திறந்து காட்ட ஒன்றும் இருக்காது. அவர் முகம் மாறியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும், உங்கள் மேல் கோபமாக இருக்காது. இது தெரிந்த பிறகு அதே மாலை உங்களுக்கும் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு மாதம் அலங்காரமே இல்லாமல் உட்கார்ந்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்குப் பின் வரும் ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோதான் முதல் அட்வெண்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது), ஆக உங்கள் கை பரபரக்கத் தொடங்கும் அதே வாரத்தில்தான் இங்கேயும் தொடங்குகிறது. அட்வெண்ட் வளையத்தைப் பிள்ளைகளோடு நீங்களே கட்டுங்கள், நான்கு மெழுகுவர்த்தி, ஞாயிற்றுக்கு ஒன்று. ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்கிற போதகர் 1839இல், 'கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும்' என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகள் வைத்துத் தினம் ஒன்றாக ஏற்றிக் காட்டினார், அதிலிருந்து வந்ததுதான் இது. காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்றே பிறந்த பொருள் என்பதால் உங்கள் நாலு வயதுப் பையனுக்கு இது உடனே பிடிக்கும். ஜன்னலில் விளக்கு வையுங்கள். பிள்ளைகள் அறையில் இடுப்பளவுக்கு ஒரு சின்ன மரம் வையுங்கள், அது உங்கள் மரம், நியூ ஜெர்சி அலங்காரங்களெல்லாம் அதில்தான், நவம்பரிலேயே வரட்டும். பெரிய மரம் 24 வரைக்கும் ஓமாவுடைய, அதாவது ஜெர்மன் பாட்டியுடைய, ரகசியம். ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து கொண்டுவந்த விளக்குச் சரங்களை இங்கே அப்படியே செருகிவிடாதீர்கள், அங்கே 120 வோல்ட், இங்கே 230.

காலைக்கு வருவோம். அது சின்னதாக இருக்கட்டும், ஆனால் முழுசாக இருக்கட்டும். பெரிய பரிசுகளெல்லாம் மாலையில் கிறிஸ்ட்கிண்ட் கொண்டுவந்தவை. காலையில் ஸ்டாக்கிங் மட்டும், ஆரஞ்சு, வண்ணப் பென்சில், ஒரு புத்தகம், கொஞ்சம் சாக்லேட். முந்தைய இரவு வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், மகள் ஒரு தட்டில் குக்கியும் ஒரு டம்ளர் பாலும் வைத்துவிட்டுப் படுக்கட்டும். அந்தப் பாலை 24 மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், மதியம் இரண்டு மணிக்குள் கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. அப்புறம் காலை ஆறு மணிக்கே விழிப்பு வந்தால் வரட்டும், அது உங்களுக்குச் சொந்தமான நேரம். எல்லோரையும் எழுப்பி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசியுங்கள். பல ஜெர்மன் வீடுகளில் மணி அடிப்பதற்கு முன்னால் அதே அதிகாரத்தைத்தான் வாசிப்பார்கள். உங்கள் மாமியார் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால், மாலையில் ஜெர்மனில் கேட்ட அதே மேய்ப்பர்களை உங்கள் பிள்ளைகள் காலையில் உங்கள் அப்பாவின் மொழியில் கேட்பார்கள். அந்த வழக்கம் இல்லையென்றால், காலையில் மட்டும் கேட்கட்டும், அதிலும் குறைவில்லை.

பத்தரை, பதினொரு மணிவரை யாரும் எங்கும் கிளம்ப வேண்டாம். அப்புறம் வாத்தும் சிவப்பு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கு உருண்டையும் சாப்பிட மாமியார் வீட்டுக்குப் போங்கள். அங்கிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் அம்மா அப்பாவைக் காணொளியில் கூப்பிடுங்கள், அப்போது நியூ ஜெர்சியில் காலை எட்டு. அவர்கள் கிறிஸ்துமஸ் காலையில் எழுந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் சமயம். அங்கே ஒரு ஸ்டாக்கிங் தொங்குவதை பிள்ளைகள் பார்க்கட்டும், மாமியாரும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும். உங்கள் காலை எப்படிப்பட்டது என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லை, நீங்களும் காட்டியிருக்க மாட்டீர்கள். 26ஆம் தேதி அமெரிக்காவில் பொது விடுமுறை இல்லை, இங்கே 'இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள்' என்று அதற்கும் விடுமுறை. அன்றைக்கு மாமியாரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம். என்ன சமைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பது அடுத்தது. உங்கள் மகளுக்கு இப்போது மூன்று பேரைத் தெரியும்: டிசம்பர் 5 இரவு வாசலில் வைத்த காலணிக்குள் கொட்டையும் சாக்லேட்டும் போட்டுவிட்டுப் போகும் புனித நிக்கோலாஸ், 24 மாலை கண்ணில் படாமல் வந்துபோகும் கிறிஸ்ட்கிண்ட், அப்புறம் சாண்டா. பள்ளியில் வேறு ஜெர்மனியின் வடக்கிலிருந்து வந்த பிள்ளை யாராவது, 'எங்களுக்கு வைநாக்ட்ஸ்மான்தான் (கிறிஸ்துமஸ் தாத்தா) கொண்டுவருவார்' என்று சொல்லியிருக்கும். பெரியவர்களுக்குத்தான் இது குழப்பம். ஏழு வயதில் ஒரு கதைக்குள் நாலு பேர் இருப்பது சாதாரணம். அவளுக்கு வேண்டியது யார் எப்போது, எங்கே வருவார் என்கிற ஒழுங்கு மட்டுமே. 'கிறிஸ்ட்கிண்ட் ஓமா வீட்டுக்கு வரும். சாண்டா நம் வீட்டுக்கு வருவார், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, ஸ்டாக்கிங்கை மட்டும் நிரப்பிவிட்டுப் போவார்.' இதுவே போதும்.

இவர்களெல்லாம் உண்மையிலேயே உறவுக்காரர்கள் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம், மாமியாருக்கும் சொல்லலாம். நிக்கோலாஸ் இன்றைய துருக்கியில் இருந்த மைரா நகரத்து ஆயர். அவருக்கு டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர்தான் அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆனது. சீர்திருத்தக் காலத்தில், புனிதரிடமிருந்து பிள்ளைகளின் கண்ணைக் கிறிஸ்துவின் பக்கம் திருப்ப வேண்டும் என்று மார்ட்டின் லூத்தர் முன்வைத்தது குழந்தைக் கிறிஸ்து, அதாவது கிறிஸ்ட்கிண்ட். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் செல்லமாக 'கிறிஸ்ட்கிண்டல்' என்று சொன்னது ஆங்கிலக் காதில் 'கிறிஸ் கிரிங்கில்' என்று விழுந்து, கடைசியில் சாண்டாவுக்கே இன்னொரு பெயராகிவிட்டது. வெள்ளைத் தாடியும் உருண்டை வயிறுமாக நாம் இன்றைக்குக் காணும் சாண்டாவின் உருவத்துக்கு 1863 தொடங்கி 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில் படம் போட்டு வடிவம் கொடுத்த தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியின் லாண்டாவில் 1840இல் பிறந்து சின்ன வயதில் நியூயார்க் போனவர். மரமும் அப்படித்தான், ஜெர்மன் குடியேறிகளோடு அமெரிக்கா போனது. 1880கள் தொடங்கி வுல்வொர்த் கடைகள் அமெரிக்காவில் விற்ற கண்ணாடி உருண்டைகள் ஜெர்மனியின் துரிங்கியாவில் லௌஷா என்ற சின்ன ஊரில் வீடு வீடாக ஊதிச் செய்தவை. உங்கள் மாமியார் 'அமெரிக்கக் கடைச் சரக்கு' என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இந்த மண்ணிலிருந்து போனதுதான். (மரத்துக்குள் ஒளித்துவைக்கும் கண்ணாடி வெள்ளரிக்காயை மட்டும் 'உங்கள் ஊர் வழக்கம்' என்று அவரிடம் எடுத்துப்போகாதீர்கள். அமெரிக்காவில் அதை ஜெர்மன் பழக்கம் என்பார்கள், இங்கே பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.)

மகள் எப்போதாவது நேருக்கு நேராக, 'உண்மையா சொல்லும்மா, சாண்டா நிஜமா இருக்காரா?' என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஏழு வயது, அந்தக் கேள்வி சீக்கிரமே வரும். அவள் அப்படிக் கேட்கும் வரைக்கும் கதை கதையாக இருக்கட்டும். இன்னொன்று, பயமுறுத்துகிற எதையும் உள்ளே விடாதீர்கள். நிக்கோலாஸோடு கோலெடுத்து வரும் க்னெக்ட் ருப்ரெக்ட்டும் வேண்டாம், பிள்ளைகள் செய்யும் தப்பையெல்லாம் அலமாரி மேலிருந்து பார்த்து சாண்டாவிடம் சொல்லும் அமெரிக்கப் பொம்மையும் வேண்டாம். புது நாட்டில், புது மொழியில், புதுப் பள்ளியில் இருக்கிற பிள்ளைகளைக் கண்காணிக்கவும் ஓர் ஆள் தேவையில்லை.

நூரெம்பெர்க் பக்கம் இருப்பதால் இன்னொன்றும் செய்யலாம். முதல் அட்வெண்ட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, பொன்னிறக் கூந்தலும் கிரீடமுமாக ஓர் இளம்பெண் கிறிஸ்ட்கிண்ட் வேடத்தில் ஃப்ராவன் தேவாலய மாடத்தில் நின்று கிறிஸ்துமஸ் சந்தையைத் திறந்துவைப்பார், மகளைக் கூட்டிப்போங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019இல் தேர்வான பெனிக்னா முன்சியின் தந்தை இந்தியாவில் பிறந்தவர். அப்போது அவருடைய நிறத்தை வைத்து ஒரு கட்சிக் கிளை இழிவாக எழுதியது, நாடு முழுக்கப் பலர் எழுந்து அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார்கள், அவரும் நிமிர்ந்து நின்று அந்தப் பொறுப்பைச் செய்தார். உங்கள் மகளுக்கு அவர் படத்தைக் காட்டுங்கள். கிறிஸ்ட்கிண்ட் யாரோ ஒருவருடையது என்று அவள் மனதில் எங்காவது இருந்தால், அதைப் போக்க நான் எழுதுவதைவிட அந்தப் படம் உதவும்.

கடைசியாக, மாமியாரிடம் யார் பேசுவது? உங்கள் கணவர்தான் பேச வேண்டும், நீங்கள் இல்லை. அதுவும் இப்போதே, அக்டோபரிலேயே. டிசம்பர் 20 தேதிக்குச் சொன்னால் அது மறுப்பாக விழும், இப்போது சொன்னால் திட்டமாகிவிடும். நம் வீடுகளில் பல விஷயங்களை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம். நான் பார்த்த ஜெர்மன் மாமியார்கள் நேராகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்வதில்லை, சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் வருத்தப்படுவார்கள். 'அம்மா, 24 மாலை நீங்கள் செய்வது எதுவும் மாறாது, அதை நாங்கள் யாரும் தொட மாட்டோம். ஆனால் அன்றைக்கு இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கப்போகிறோம், ஏனென்றால் 25 காலை இவளுடையது. மதியம் வாத்துக்கு வந்துவிடுகிறோம்.' மூன்று வாக்கியம்தான். கணவருக்கு அந்தக் காலை ஏன் முக்கியம் என்பது புரிய வேண்டுமானால், எனக்கு எழுதிய கடிதத்தின் சமையலறைப் பகுதியை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். நீங்கள் அங்கே அழுதது அவருக்கு இன்னும் தெரியாது என்றுதான் உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது.

மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வூர்ஸ்பூர்க் பக்கம் ஹிம்மெல்ஸ்டாட் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே கிறிஸ்ட்கிண்டுக்கென்றே ஒரு தபால் நிலையம், தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் போடுகிறார்கள். ஓமாவின் உதவியோடு ஜெர்மனில் அங்கே ஒரு கடிதம் போகட்டும், தாமதிக்காமல் டிசம்பர் தொடக்கத்திலேயே. இரண்டாவது கடிதத்தை உங்களோடு உட்கார்ந்து சாண்டாவுக்கு எழுதட்டும். அதை நியூ ஜெர்சியில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். சாண்டாவுக்குப் பழக்கமான வீடு அதுதானே, அங்கே கொடுத்தால் அவர் கைக்குப் போய்விடும் என்று சொல்லுங்கள். தாத்தா ஒரு பதில் எழுதி அனுப்பட்டும். உறையின் பின்பக்கத்தில் தெருப் பெயர், வீட்டு எண், ஊர், நாடு எல்லாவற்றையும், எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும், அவளே தன் கையால் எழுதட்டும்.